மெசினுக்குள் கிடந்த கூறை

அலுமாரியில் இருந்த அத்தனை சேலைகளையும் பிரசாந்தி கட்டிலில் கொட்டிவிட்டாள். றங்குப்பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. பழைய தலையணை உறைகள், கலியாண அல்பம், தன்னைத் தொட்டிலில் போட்ட நூல்சேலை, ஓட்டை விழுந்த குடை என்று எல்லாம் வந்து விழுந்தன. அம்மாவின் கூறைச்சேலை மட்டும் இல்லை.

"என்னடி பிள்ளை, இன்னும் எடுக்கேல்லையோ?" ஹோலுக்குள் இருந்து பெரியம்மா கேட்டாள். "குளிப்பாட்டி முடிஞ்சுது. கெதியாக் கொண்டா. வெறும் வெள்ளைத்துணியோடை எவ்வளவு நேரம் வைச்சிருக்கிறது?"

"வாறன் பெரியம்மா," என்றாள் பிரசாந்தி. 

அம்மா நேற்றுப் பின்னேரம் போய்ச் சேர்ந்தாள். செல்வநாயகி என்று பெயர். ஒரு வருசமாக வயிற்றில் புற்று. இந்த நாள் வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. படுக்கையில் விழுந்த பிறகு அவள் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைக் கூறையோடை அனுப்பவேணும் பிள்ளை. கொப்பா இருக்கேக்கை போறன். அந்தக் குடுப்பினை எனக்குக் கிடைச்சிருக்கு. வேறை ஒண்டும் வேண்டாம்." புருசன் உயிரோடு இருக்கும்போது செத்துப்போகிற பெண்ணுக்குக் கலியாணக் கூறையை உடுத்தித்தான் அனுப்புவார்கள். அதையும் அந்தப் புருசன்தான் தன் கையால் எடுத்துக் கொடுக்கவேண்டும். புத்தூரில் இதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லித் தருவதில்லை. அதோடு அம்மாவின் கூறை லேசில் தப்பிய கூறையும் இல்லை. தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது அடுப்பில் கிடந்த சோற்றையும் விட்டுவிட்டு, அந்தச் சேலையை உரப்பையில் சுற்றித் தென்மராட்சி வரைக்கும் தலையில் சுமந்து போனவள் அவள்.

அறை வாசலில் அப்பா வந்து நின்றார். பஞ்சலிங்கத்தார் நேற்றிலிருந்து படுக்கவில்லை. மேலில் துவாய்த்துண்டு, முகத்தில் நரைத்த தாடி முள்ளு. கட்டிலில் குவிந்து கிடந்த சேலைகளைப் பார்த்தார்.

"அது உங்கை இல்லைப் பிள்ளை."

"அப்ப எங்கை?"

அப்பா குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மெசினுக்கை கிடக்கு."

"எந்த மெசினுக்கை?"

"தோய்க்கிற மெசினுக்கை. கதவு திறக்குதில்லை."

பிரசாந்திக்கு ஒரு கணம் இந்த மனிதருக்குத் துக்கத்தில் தலை பிசகிவிட்டதோ என்று இருந்தது. அவர் முழித்த முழியைப் பார்த்தபிறகுதான் விசயம் உண்மை என்று விளங்கியது. ஹோலைச் சுற்றாமல் பின்கதவால் ஓடினாள்.

குசினிக்குப் பின்னால் தகரக் கூரை இறக்கிய பத்திக்குள், கிணற்றைப் பார்த்தபடி மெசின் நின்றது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெசின். கண்ணாடியின் பாதிவரைக்கும் சிவந்த தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்குள் ஒரு சரிகைக் கரை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிரசாந்தி முழங்காலைக் கதவின் பக்கத்தில் ஊன்றிக் கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. இன்னொருக்கால் இழுத்தாள். நகம்தான் பிய்ந்தது.

இந்த மெசின் வந்து இரண்டு வருசம். பிரசாந்தியின் புருசன் சித்திரை வருசப்பிறப்பு மலிவுவிற்பனையில் சுன்னாகத்தில் வாங்கிக் கொடுத்தது. "அண்ணை வாங்கினால் நானும் வாங்குவன்" என்று பக்கத்து வீட்டு யாகோப்பரும் அதே கடையில் அதே மாதிரி ஒன்றை அதே லொறியில் ஏற்றிவந்து இறக்கினார். அப்பா அது நின்ற பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. முகம் துடைக்கிற லேஞ்சியைக்கூடத் தான் தோய்க்காத மனிதர். அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் ஆள் மாறினார். விரிப்பு ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் நனையும். "கொதிதண்ணியிலை போடுங்கோ ஐயா, இல்லாட்டிக் கிருமி போகாது" என்று வீட்டுக்கு வந்த நேர்ஸ் பிள்ளை குமிழை அறுபதில் திருப்பிக் காட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்த மெசினில் அப்பாவுக்குத் தெரிந்தது அந்த அறுபது ஒன்றுதான். கொக்குவிலில் இருந்து சனி ஞாயிறுகளில் வருகிற பிரசாந்தி "விடுங்கோ, நான் போடுறன்" என்றாலும் விடமாட்டார். விரிப்பு அறுபது, துவாய் அறுபது, அம்மாவின் சட்டை அறுபது. நேற்றுக் கூறையும் அறுபது.

"பட்டுச்சேலையை மெசினிலை போடுறதே அப்பா? அதுவும் கொதிதண்ணியிலை?"

அப்பா துவாய்த்துண்டால் மெசின் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாப்பத்துமூண்டு வருசம் ஒரு சொட்டுத் தண்ணி படாமல் வைச்சிருந்த சேலை. எனக்கு எவ்வளவு தரம் சொன்னவ தெரியுமே? நான் என்னெண்டு அவவின்ரை முகத்தைப் பாக்கிறது இப்ப?"

அப்பா குனிந்து மெசினின் கீழ்ப்பக்கத்துச் சின்ன மூடியை விரலால் காட்டினார். "உதைத் திறந்தால் தண்ணி வரும்," என்றார்.

திட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் நேரமில்லை. இன்றைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டுக்கு இராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னம் சவப்பெட்டி வாசல் படலையைத் தாண்டவேண்டும் என்று குருக்கள் காலையிலேயே சொல்லிவிட்டார். பிரசாந்தி கேக் அடிக்கிற தட்டைக் கொண்டுவந்து கீழே வைத்து, சீமெந்தில் குப்புறப் படுத்து மூடியைத் திருகினாள். சிவப்புத் தண்ணீர் தட்டில் விழுந்தது. தட்டு நிறைய நிறைய அப்பா எடுத்துக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினார். கடைசியில் வடிகட்டி கையோடு வந்தது. புத்தூர்க் கிணற்றுத் தண்ணீரில் வருகிற சுண்ணாம்புக் கல்லுத் துகள்கள் அதில் அப்பியிருந்தன. கூடவே ஒரு சுருள் முடி. மருந்து ஏற்றிய காலத்தில் தலையணையில் கொட்டிய அம்மாவின் முடி. பிரசாந்தி அதை எறியவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தாள். பிறகு வாழையடியில் போட்டாள்.

தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது. கூறை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பந்தாகக் குந்திக்கொண்டு இருந்தது. கதவு மட்டும் இறுகிப்போய் அப்படியே நின்றது. பிளக்கைக் கழற்றிப் பொறுத்துப் பார்த்தாள், திரும்பக் கொழுவிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"நாங்கள் வடிச்சால் அது நம்பாது," என்றார் அப்பா. "தான் வடிச்சாத்தான் கதவை விடும். நேற்றும் உதுதான் சொல்லிச்சுது."

"ஆர் சொன்னது?"

"மெசின்தான். லைற் மினுங்கினது." குமிழை வடிக்கிற இடத்துக்குத் திருப்பிவிட்டு, காதை மெசினோடு வைத்தார். "கேள். வேறை நாளெண்டால் அடியிலை ம்ம் எண்டு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தைக் காணேல்லை. தண்ணியை வெளியிலை தள்ளுற பம்ப் பழுதாப் போட்டுது."

பிரசாந்தியும் காதை வைத்தாள். ஒரு சின்ன 'டிக்' மட்டும் கேட்டது. பிறகு பேச்சு மூச்சில்லை.

வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் யாகோப்பர் தேத்தண்ணிக் கேத்திலோடு வந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் நேற்றிலிருந்து அவருடைய மனிசி அற்புதராணிதான் வந்துபோகிற சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்தவ வேதக்காரர் என்றாலும் இந்த வீட்டு நல்லது கெட்டதில் அவர்கள் இல்லாத நாள் இல்லை. தகப்பனும் மகளும் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்ததும் யாகோப்பர் கேத்திலைக் கீழே வைத்தார்.

"என்னண்ணை, இண்டைக்குப் போய்த் தோய்க்கிறியளோ?"

பிரசாந்தி விசயத்தைச் சொன்னாள். அவர் பகிடி விட்ட வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பிப் போய்க் கரண்ட் பார்க்கிற மீற்றர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தபால்கந்தோரில் இருந்து பென்சன் எடுத்த மனிதர். அந்த மீற்றரை எதற்காக வாங்கினார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. எந்தக் கம்பியை எங்கே வைப்பது என்று பிரசாந்தி போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்துச் சொல்ல, பிளக்கைக் கழற்றி மெசினை முன்னால் சரித்து, அடியில் கையைவிட்டுப் பம்பின் இரண்டு காலிலும் தொட்டுப் பார்த்தார்கள். முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மீற்றர் பழுதோ என்று கம்பி இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார்கள். முள் துள்ளிக்கொண்டு போனது. மீற்றர் நல்லது, பம்புக்குள் சுற்றியிருக்கிற கம்பிதான் எரிந்துபோயிருக்கிறது.

"யாழ்ப்பாணத்திலை வாங்கலாமோ?" என்றார் அப்பா.

பிரசாந்தி கடைக்குப் போன் எடுத்தாள். அந்தப் பம்ப் கொழும்பில் இருந்து வரவேண்டும், ஒரு கிழமை பொறுங்கோ என்றான் கடைக்காரன். அவள் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒரு அலவாங்கு தாங்கோ. ஒரு நெம்பு நெம்பினால் கதவு கையோடை வரும்," என்றார் யாகோப்பர்.

"கண்ணாடி உடைஞ்சு தூள் முழுக்கச் சீலையிலை ஏறும்," என்றார் அப்பா. "அதைச் சுத்தியே அவவை அனுப்பச் சொல்லுறாய்?"

யாகோப்பர் தலையைச் சொறிந்தார். மெசினை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் போய்விட்டார்.

உள்ளே பெரியம்மா கூப்பிட்டாள். பிரசாந்தி போய் ஹோல் கதவடியில் நின்றாள். அம்மாவைச் சுற்றி ஊர்ப் பெண்கள் இருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. முகம் காய்ந்து சின்னதாகப் போயிருந்தது. கழுத்துவரைக்கும் வெள்ளைத்துணி.  உலகத்தில் இவ்வளவு சேலைகள் இருக்க, அம்மா ஒன்றுமில்லாமல் கிடக்கிறாளே என்று பிரசாந்திக்கு இருந்தது.

"என்னடி, கூறை?"

"கொஞ்சம் பொறுங்கோ பெரியம்மா. அப்பா எடுத்துக்கொண்டு வருவார்."

"கொப்பாவைக் குருக்களும் தேடுறார். முத்தத்திலை கிரியைக்குச் சுண்ணம் இடிக்க ஆயத்தம். கொள்ளி வைக்கப் பொடியன் இல்லை, அவர்தானே எல்லாம் செய்யவேணும். ஆள் எங்கை போய்த் துலைஞ்சது?"

பெரியம்மா தையல்நாயகி அம்மாவுக்கு ஆறு வயது மூப்பு. தங்கச்சியை நேற்று முழுக்க ஒப்பாரி வைத்து அழுதுவிட்டு, விடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். அவளுக்குப் பொய் சொல்லுவது லேசில்லை. பிரசாந்தி திரும்பி ஓடினாள்.

பத்திக்குள் யாகோப்பர் நின்றார். கையில் ஒரு பம்ப். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் அற்புதராணி வந்துகொண்டிருந்தாள்.

"எங்கடை மெசினுக்கை ஊறினபடி கிடந்த உடுப்பெல்லாத்தையும் வாளியிலை அள்ளிப் போட்டிட்டார் மனுசன்," என்றாள் அற்புதராணி. "கழட்டினது சரி, பூட்டத் தெரியுமோ எண்டு கேட்டன். பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திட்டார்."

"பேந்து வாங்கித் தாறம் மாமி," என்றாள் பிரசாந்தி.

"ஆர் இப்ப உதைக் கேட்டது? நீ அலுவலைப் பார் பிள்ளை," என்று சொல்லிவிட்டு அற்புதராணி கேத்திலை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததைப் பிரசாந்தி கண்டாள்.

மெசினைப் பக்கவாட்டில் படுக்க வைக்கவேண்டும். சும்மா சீமெந்தில் சாய்த்தால் நெளிந்துபோகும். கிணற்றடியில் எரிப்பதற்கென்று போட்டிருந்த அம்மாவின் மெத்தையை அப்பா போய் இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று பேருமாக அதன்மேல் மெசினைப் பையச் சரித்தார்கள். அதற்குள் பெட்டியை இறக்க ஆள் வேணும் என்று முன்பக்கத்தில் இருந்து கூப்பிட்டார்கள். யாகோப்பர் போனார். தகப்பனும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

அப்பா ஸ்குரூ றைவரை எடுத்தார். திருகாணியின் வாய்க்குள் அது போய் இருக்கவில்லை. கை அப்படி நடுங்கியது. தோட்டத்தில் இறைக்கிற மோட்டரை இருட்டிலும் கழற்றிப் பூட்டுகிற கை.

"தாங்கோ," என்று பிரசாந்தி வாங்கினாள். மெத்தையில் தலையை வைத்துப் படுத்து அடியில் பார்த்தாள். மெத்தையில் டெற்றோல் மணந்தது. மூன்று திருகாணி, இரண்டு குழாய், குழாயை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு கம்பி வளையம், ஒரு வயர். வயரைக் கழற்றினாள். குறட்டால் வளையத்தை நெரித்து விலக்கினாள். குழாய் இளகி வந்தது, மிச்சத் தண்ணீர் அவள் கழுத்தில் ஊற்றியது.

"ஏன் அப்பா?" என்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. "என்னத்துக்கு அதைத் தோய்க்கவேணும்? ஆர் கேட்டது உங்களை?"

 அவள் இரண்டாவது திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா சொன்னார்.

"கொம்மாதான் கேட்டவ."

பிரசாந்தி கையை நிற்பாட்டினாள்.

"ரண்டு கிழமைக்கு முந்திக் கூறையை எடுத்துக் காட்டுங்கோ எண்டவ. எடுத்துக் குடுத்தன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன உடனை சத்தி எடுத்துப்போட்டா. பெட்டிக்கை கிடந்த பூச்சி உருண்டை மணம். மருந்து ஏத்தினாப்பிறகு அவவுக்கு ஒரு மணமும் சரிவாறேல்லையெல்லே. 'இஞ்சேருங்கோ, உந்த மணத்தோடை எனக்குச் சுத்தி விட்டிடாதேங்கோ, ஒருநாளைக்கு வெயிலிலை போட்டெடுங்கோ' எண்டவ."

"போட்டிருக்கலாமே."

"எங்கை போடுறது? கொடி அவவின்ரை யன்னலுக்கு நேரை கட்டிக் கிடக்கு. கட்டில்லை கிடந்துகொண்டு அதையெல்லே பாத்துக்கொண்டிருப்பா. றோட்டாலை போற சனமும் பாக்கும். கூறை கொடியிலை காயுதெண்டால் என்ன அர்த்தம் பிள்ளை? நான் நாளைக்கு எண்டு சொன்னன். அடுத்தநாளும் கேட்டவ. நாளைக்கு எண்டன். முந்தநாள் கதைக்க ஏலாமல் கையாலை காட்டிக் கேட்டவ. அதுக்கும் நாளைக்கு எண்டுதான் சொன்னன்."

அப்பாவைப் பாராமல் முற்றத்தில் சுண்ணம் இடிக்கிற உலக்கைச் சத்தம் தொடங்கியது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நேற்று அவ கண்ணை மூடின உடனை நீங்கள் எல்லாரும் அழத் தொடங்கிட்டியள். எனக்கு அழுகை வரேல்லை. கூறை நினைவுதான் வந்தது. எடுத்துக்கொண்டு முத்தத்துக்கு ஓடினன். வெயில் போட்டுது. ஒரு துண்டு வெயிலும் இல்லை. அதுதான் இஞ்சை கொண்டுவந்தன்."

பிரசாந்தி மெத்தையில் தலையை வைத்தபடி அழுதாள். சத்தம் போடாமல், வாயைத் திறந்து, வெகுநேரம் அழுதாள். அம்மா செத்ததற்கு நேற்று அழுதாள், இது அப்பாவுக்கு. இவ்வளவு நாளும் இந்த மனிதர் ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நிற்கப் பயந்து கிடந்திருக்கிறாரே என்று நினைக்க நினைக்கத் தாங்கமுடியவில்லை. அப்பா அவள் பக்கத்தில் குந்தி இருந்து, மூன்றாவது திருகாணி விழாமல் உள்ளங்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்தாள். மூன்றாவதையும் கழற்றினாள். பழைய பம்ப் கையில் வந்தது. யாகோப்பருடைய பம்பை அந்த இடத்தில் வைத்தாள். முதலில் தலைகீழாக வைத்துவிட்டாள், குழாய் வாய் பொருந்தவில்லை. அப்பா திருப்பிக் காட்டினார். மூன்று திருகாணியும் ஏறின. வளையங்களைக் குறட்டால் நெரித்துக் குழாயில் ஏற்றினாள். வயரைச் சொருகினாள்.

மெசினை நிமிர்த்திப் பிளக்கைக் கொழுவினார்கள். அப்பா குமிழைத் திருப்பினார். இரண்டு பேரும் மெசினோடு காதை வைத்தார்கள்.

அடியில் ம்ம் என்றது.

மிச்சம் கிடந்த தண்ணீரைக் குழாய் கிணற்றடி வாய்க்காலில் கக்கியது. கொஞ்ச நேரத்தால் சத்தம் நின்றது. ஒரு நிமிசம் ஒன்றுமில்லை. பிறகு கதவில் 'டக்' என்றது.

பிரசாந்தி கதவைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டாள். வெளியில் வந்தது அவள் கலியாண அல்பத்தில் பார்த்த கூறை இல்லை. சிவப்பு இடத்துக்கு இடம் வெளிறித் திட்டுத் திட்டாக நின்றது. சரிகை சுருண்டு நெளிந்திருந்தது. பட்டு சுருங்கிக் கெட்டியாகி, கையில் பாரமாகத் தொங்கியது. பிழியவைக்கிற இடத்துக்குக் குமிழைத் திருப்பினால் இருந்த கொஞ்சமும் கிழிந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்தது. சும்மா ஏந்திக்கொண்டு நின்றாள்.

"மணம் போட்டுதோ?" என்று கேட்டார் அப்பா.

அவள் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சவுக்காரத் தூள் மணம் மட்டும்தான் இருந்தது.

"போட்டுது அப்பா."

"வடிவாப் பார்."

"சத்தியமாப் போட்டுது."

அப்பா தலையை ஆட்டினார். கிணற்றடியில் போய் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து இரண்டு கையையும் நீட்டினார். பிரசாந்தி கூறையை அவர் கையில் வைத்தாள். அவர் முன்னால் போக, இவள் பின்னால் போனாள். ஹோலில் இருந்த பெண்கள் வழி விட்டார்கள்.

பெரியம்மா ஒரு பார்வை பார்த்தாள். "உதென்ன தம்பி?"

"கூறை, மச்சாள்."

"ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? உதையே கட்டுறது? நான் என்ரை பிள்ளை கனடாவாலை அனுப்பின பட்டொண்டு கொண்டு வந்து வைச்சிருக்கிறன், புதுசு. அதைக் கட்டுவம். சனம் பாத்தால் என்ன சொல்லும்?"

அப்பா அசையவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. கூறையின் நுனியில் இருந்து தண்ணீர் அவருடைய காலில் சொட்டியது.

"இதுதான் கட்டுறது பெரியம்மா," என்றாள் பிரசாந்தி.

"ஈரமெல்லே பிள்ளை. சுருங்கியும் போச்சு. கொசுவம் வைக்கவும் நீளம் காணாது."

"ஓம். காணாது. மேலாலை சுத்திவிடுவம்."

"விசரே உனக்கு?"

"அம்மா கேட்டது இதைத்தான். கேட்டமாதிரித்தான் அப்பா கொண்டு வந்திருக்கிறார்." அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். "அவரிட்டை வாங்குங்கோ பெரியம்மா. அவர் எவ்வளவு நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

பெரியம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.  இரண்டு கையாலும் கூறையை வாங்கினாள். துவாய்கள் கொண்டு வரச் சொல்லி, விரித்து, சுருட்டி, அழுத்தி, முடிந்தமட்டும் தண்ணீரை எடுத்தாள். ஆண்களை வெளியில் போகச் சொன்னாள். அம்மா இந்த வருசம் காய்ந்து பாதியாகியிருந்தாள். அதனால் சுருங்கிய கூறை ஒரு சுற்றுக்கு நீளம் காணும்போல இருந்தது. பெரியம்மா நெளிந்த சரிகைக் கரையை விரலால் நீவி நீவித் தங்கச்சியின் தோளில் நேராக்கினாள். அப்போதுதான் இன்றைக்கு முதல்தரம் அழுதாள்.

அம்மாவைப் பெட்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். குருக்கள் அவசரமாகக் கிரியை செய்தார். பறை அடித்தார்கள். குருக்கள் சொன்னதைச் சொன்னபடி அப்பா செய்தார். தண்ணீர்க்குடம் எடுத்தார், அரிசி போட்டார், சுற்றி வந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்திருந்த சனம் கூறையைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தது. பிரசாந்திக்கு அது காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று விட்டாள்.

மூடியைத் தூக்கிக்கொண்டு யாகோப்பரும் இன்னொருவரும் வந்தார்கள். "கடைசியாப் பாக்கிற ஆக்கள் பாருங்கோ," என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். அப்பா பெட்டிக்குக் கிட்டப் போனார். குனிந்து அம்மாவின் தோளில் கிடந்த கூறைத் தலைப்பைத் தொட்டார்.

தொட்ட கையைப் பார்த்தார். விரல் நனைந்திருந்தது.

அவர் தலைப்பை எடுத்தார். பெட்டிக்கு வெளியே இழுத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். வெளிறின சிவப்பாய்க் கொஞ்சத் தண்ணீர் செம்மண்ணில் விழுந்தது. மறுபடி உதறி, இன்னொரு பக்கத்தால் பிடித்துப் பிழிந்தார். கை இப்போது நடுங்கவில்லை.

"பஞ்சலிங்கத்தார், நேரமாகுது," என்றார் குருக்கள்.

"ஈரம் அவவுக்கு ஒத்துக்கொள்ளாது," என்றார் அப்பா.

யாகோப்பரும் மற்றவரும் மூடியைப் பைய நிலத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். அப்பா பிழிந்துகொண்டிருந்தார்.